ஆட்களை ஏற்றிவிட்டுத் திரும்பினால் குற்றமா?

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி சட்டத்தரணியான எனக்கு எழுதிய கடிதம் இது. ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 34. இரண்டு பிள்ளைகள். கணவருக்குச் சொந்தமாக ஒரு 18 அடி பைபர் படகும் 15 குதிரைவலு இஞ்சினும் இருக்கின்றன. இந்திய இழுவைப் படகுகள் வந்துபோன ஓர் இரவில் வலையில் பாதி காணாமல் போயிற்று. புது வலைக்காக நகை அடகுக்குப் போனது. இந்த நேரத்தில் பழக்கமான ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு 'ஹயர்' பேசியிருக்கிறார். வாடியில், அதாவது கரையில் மீனவர் தங்கும் கொட்டிலில், ஒரு பகல் தங்கவைக்கும் 22 பேரை இரவில் இரண்டு நடையாகக் கொண்டுபோய், வெளியே நிற்கும் பலநாள் படகில் ஏற்றிவிட வேண்டும். கூலி ஐந்து இலட்சம். முற்பணமாக ஒன்றரை இலட்சம் கைமாறி, அந்தக் காசு நகையை மீட்கப் போய்விட்டது. 22 பேரில் ஒருவர் கணவரின் தம்பி. அவுஸ்திரேலியா போகிறாராம். மாமியார், "ஒருத்தனாவது கரைசேரட்டும், குறுக்க நிக்காத" என்கிறார்.

கணவர் இவருக்குச் சொல்லும் சமாதானம்: "நான் போறேல்லையே. ஏத்திவிட்டிட்டு விடியமுன்னம் வந்திடுவன். பிடிச்சாலும் போறவைக்குத்தான் வழக்கு. பன்னிரண்டு மைல் தாண்டினா எங்கட சட்டமும் இல்லை." இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் ரோகிங்கியா மக்களின் படகு வந்து நின்றபோது இவரும் தண்ணீர்க் கானும் பாணும் ஏற்றிக்கொண்டு போனாராம். அப்போது யாரும் பிடிக்கவில்லை, இப்போது மட்டும் ஏன் பிடிக்கப்போகிறார்கள்?

"ஐயா, இவர் செய்யிறது குற்றமா? தெரிஞ்சுகொண்டு இருக்கிற நானும் குற்றவாளியா? வாங்கின காசை என்ன செய்யிறது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கணவர் மோசமான மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவருடைய கணக்குத் தலைகீழாக இருக்கிறது. இந்த வேலையில் போகிறவர்களை விட ஏற்றிவிடுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

ஓட்டுபவருக்கு ஒரு கணக்கு, ஏறுபவருக்கு இன்னொரு கணக்கு

1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்படி, இலங்கையை விட்டு வெளியேறுகிற எவரும் அங்கீகரிக்கப்பட்ட துறை ஒன்றின் வழியாக, கடவுச்சீட்டோடு, குடிவரவு அதிகாரியைக் கடந்துதான் போக வேண்டும். நம்முடைய நாட்டுக்குத் தரை எல்லை கிடையாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் முத்திரையோடு இருப்பவர்தான் நமக்கு எல்லைக் காவலர். முல்லைத்தீவு மணலில் அப்படி ஒருவர் இல்லை. அதனால் அந்த மணலிலிருந்து வெளிநாட்டுக்குப் படகேறுவதே குற்றம். தண்டனை ஐந்து வருடச் சிறை வரையும், இரண்டு இலட்சம் ரூபாய் அபராதம் வரையும் போகலாம். நடைமுறையில், வெறும் பயணியாகப் போய்ப் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் பிணையில் வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் கணவர் ஊரில் பார்த்தது இதைத்தான். அதை வைத்தே "பெரிசா ஒண்டும் இல்லை" என்று எண்ணிவிட்டார்.

ஆனால் அதே சட்டத்தில் பயணத்தை ஒழுங்குசெய்பவருக்கும், அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே அபராதத்தோடு கதை முடியாது. சிறைத் தண்டனைக்காகவே எழுதப்பட்ட பிரிவு அது. பிணையும் இலேசில் கிடைக்காது. 22 பேரை வாடியில் வைத்திருந்து, கூலி வாங்கிக்கொண்டு, இருட்டில் படகோட்டிய ஒருவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓர் உதாரணம் தருகிறேன். 2014 யூலையில் அவுஸ்திரேலியா ஒரு படகை நடுக்கடலில் மறித்து, அதிலிருந்த 41 பேரையும் கடலிலேயே விசாரித்து, இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களைக் காலி நீதவான் முன் நிறுத்தினார்கள். ஒன்பது சிறுவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 27 பேருக்குப் பிணை. மற்ற ஐந்து பேரும் கடத்தலை நடத்தியவர்கள் என்ற சந்தேகத்தில் விளக்கமறியலுக்குப் போனார்கள். எல்லோரும் வந்தது ஒரே படகில், நின்றது ஒரே மன்றில். ஆனால் பிரிக்கும் கோடு அங்கேயே விழுந்துவிட்டது. உங்கள் கணவர் சொல்லும் ரோகிங்கியாப் படகிலும் இதுதான் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்தப் பரிதாபமான நிலையிலும், படகை ஓட்டியவர்கள் என்ற சந்தேகத்தில் 12 பேரைத் தனியாகப் பிரித்து மறியலில் வைத்தார்கள். சுக்கானைப் பிடித்த கையைத்தான் எல்லைக் காவல் முதலில் தேடும்.

இந்த ஹயரைப் பேசிய ஏஜென்சிக்காரர் அந்தப் படகில் இருக்கமாட்டார். கரையிலும் இருக்கமாட்டார். பதிவிலக்கம் எழுதிய படகோடு அங்கே நிற்கப்போகிறவர் உங்கள் கணவர் மட்டும்தான்.

பன்னிரண்டு மைல்

இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டுவிட்டேன்! பன்னிரண்டு கடல்மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீற்றர், நம்முடைய ஆட்புலக் கடல் என்பது சரி. அதைத் தாண்டினால் சட்டம் முடிந்துவிடும் என்பதுதான் பிழை. குற்றம் நடப்பது கோட்டிலல்ல, கரையில். ஆட்களை வாடிக்குள் எடுத்த அந்தப் பகலிலேயே அது தொடங்கிவிடுகிறது. முயற்சிசெய்வதற்கும் வழக்கு உண்டு. அதனால் இஞ்சினை இழுக்க முன்னமே பிடிபட்டாலும் தப்பமுடியாது. மேலும், குடிவரவுச் சட்ட மீறல்களைத் தடுப்பதற்கு 24 கடல்மைல் வரை ஒரு நாட்டுக்கு அதிகாரம் இருப்பதாகச் சர்வதேசக் கடற்சட்டமே சொல்கிறது. உள்ளே துரத்தத் தொடங்கிய படகை, விடாமல் துரத்தினால், அதற்கு வெளியிலும் மறிக்கலாம்.

யார் மறிப்பார்கள்? கடலில் பெரும்பாலும் கடற்படை. 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கரையோரக் காவல் திணைக்களமும், நாங்கள் கோஸ்ட்கார்ட் என்று சொல்வது, மறிக்கலாம், ஏறிச் சோதிக்கலாம், பிடிக்கலாம். பிடித்தவர்கள் வழக்கை நடத்துவதில்லை. ஆளையும் படகையும் பொலிஸிடம் கொடுப்பார்கள். பொலிஸ் நீதவானிடம் கொண்டுபோகும்.

"நேவியைக் கவனிச்சாச்சு" என்று ஏஜென்சிக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா பொய்யா என்று ஆராய்வதில் பயனில்லை. என்னிடம் வழக்கோடு வந்த ஒவ்வொரு படகோட்டிக்கும் அதே வசனம் சொல்லப்பட்டிருந்தது.

ரோந்துப் படகில் இருப்பவர்கள் ஒரு மீன்பிடிப் படகை எப்படி வாசிக்கிறார்கள் தெரியுமா? ஒரு வழக்கில் சான்றுப் பொருட்களின் பட்டியல் மன்றில் வாசிக்கப்பட்டபோதுதான் எனக்கு அது விளங்கியது. எரிபொருள் கான்கள் பல. குடிதண்ணீர் அதைவிட அதிகம். கிறீம் கிறக்கர் பிஸ்கட் ஒரு பெட்டி, குளுக்கோஸ், தேசிக்காய், சத்திக் குளிசை, பொலித்தீனில் சுற்றிய கைபேசிகள், குழந்தைக்குக் கட்டும் பம்பர்ஸ். வலை மட்டும் இல்லை. இருந்த ஒரு சின்ன வலையும் நனையவில்லை. நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படகோட்டியைப் பார்த்தார். "மீன்பிடிக்கத்தான் போனோம்" என்ற வாக்குமூலம் அந்தப் பம்பர்ஸோடு செத்துப்போனது.

அப்புறம் படகு. அதுவும் இஞ்சினும் வழக்குப் பொருளாக நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும். வழக்கு முடியும்வரை கைக்கு வராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்து வெடித்த பைபர் படகுகளை எங்கள் பக்கத்தில் நீங்களே கண்டிருப்பீர்கள். ஐந்து இலட்சத்துக்காகத் தொழிலையே பணயம் வைக்கிறார் என்பதைக் கணவரிடம் காசுக் கணக்காகவே பேசுங்கள். அறிவுரையை விடக் கணக்கு ஏறும்.

இன்னொன்று, சொல்லவே மனம் வரவில்லை. 18 அடிப் படகில் ஓட்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். வாடைக் கடல். பெரிய படகோடு அணைக்கும்போதுதான் கவிழும். பழக்கமில்லாதவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு எழும்புவார்கள். அப்படி ஓர் உயிர் போனால், கவனயீனத்தால் மரணம் விளைவித்த வழக்குக் குறைந்த பட்சமாக வரும். அந்த உயிர் சொந்தத் தம்பியாகவும் இருக்கலாம்.

தண்ணீர்க் கான் கொண்டுபோனது வேறு

உங்கள் கணவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார். கடலில் ஆட்களோடு போவது என்ற அளவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சட்டத்தில் இரண்டும் எதிரெதிர்.

கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவதை ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட சமவாயத்தின் 98ஆம் உறுப்புரை கடமையாகவே வைத்திருக்கிறது. இலங்கை அதை 1994இல் ஏற்றுக்கொண்டது. 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்டு வியட்நாமுக்கு அப்பால் தத்தளித்த 303 இலங்கையரை ஏற்றிக் கரைசேர்த்தது ஒரு யப்பான் கப்பல். அந்தக் கப்டனை யாரும் கடத்தல்காரர் என்று சொல்லவில்லை. அவர் அவர்களை வரவழைக்கவில்லை, காசு வாங்கவில்லை, ஒளிக்கவில்லை. உங்கள் கணவர் முள்ளிவாய்க்காலில் செய்ததும் அதே வகை.

காசு எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கனடா உயர் நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் போனார்கள். கப்பலின் மாலுமிகள் விட்டுவிட்டுப் போனதால், பயணிகளில் சிலர் சமைத்தார்கள், இஞ்சினைப் பார்த்தார்கள், திசை பார்த்தார்கள். அதற்காக அவர்களைக் கடத்தலுக்கு உதவியவர்கள் என்று சொல்லி, தஞ்சம் கோரவிடாமல் கனடா அதிகாரிகள் ஒதுக்கினார்கள். இலாபம் தேடாமல் ஒருவருக்கொருவர் உதவியவர்களை அப்படி ஒதுக்கமுடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அது கனடாச் சட்டம், நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் இன்னொரு விடயத்தைக் கவனியுங்கள். ஒரு சதமும் வாங்காதவர்கள் அந்த வார்த்தையைக் கேட்க ஐந்து வருடம் காத்திருந்தார்கள். உங்கள் கணவரின் கைக்கு ஒன்றரை இலட்சம் ஏற்கெனவே வந்துவிட்டது.

இதை வாசித்துப் பயந்து, நாளைக்கு ஒரு படகு தத்தளித்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடக்கூடாது. அதனால் இதையும் சொல்கிறேன். போகலாம், போக வேண்டும். போகுமுன் மீனவர் சங்கத் தலைவருக்கோ கரையில் உள்ள ஒருவருக்கோ அழைத்துச் சொல்லி, கடற்படைக்கோ 119க்கோ அறிவிக்கச் செய்யுங்கள். விஎச்எப் வானொலிக் கருவி உள்ள படகு பக்கத்தில் நின்றால் 16ஆம் அலைவரிசையில் கூப்பிடச் சொல்லுங்கள். நேரத்தையும் ஜிபிஎஸ் இலக்கத்தையும் குறித்து வையுங்கள், ஒரு படமும் எடுங்கள். தண்ணீர், சாப்பாடு கொடுங்கள். மூழ்கும் நிலை என்றால் உங்கள் படகு தாங்குமளவுக்கு ஏற்றுங்கள். யாரையும் இரகசியமாகக் கரைக்குக் கொண்டுவந்து வீட்டில் வைக்காதீர்கள். நன்றிக்காக ஒரு மோதிரத்தைக் கழற்றித் தந்தாலும் வாங்காதீர்கள்.

தம்பியின் கதை

தம்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 செப்டெம்பரிலிருந்து அவுஸ்திரேலியா, படகில் வருகிறவர்களைக் கடலிலேயே மறித்துத் திருப்புவதை ஓர் இராணுவ நடவடிக்கையாகவே நடத்துகிறது. 2014இல் புதுச்சேரியிலிருந்து போன 157 தமிழர்களை ஒரு மாதமளவு கப்பலிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். அது சட்டப்படி செல்லும் என்று அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் 2015இல் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆட்சி மாறியும் கொள்கை மாறவில்லை. "இப்ப திறந்திட்டாங்கள்" என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் நம்பவேண்டாம்.

கடல் சரிவராவிட்டால் மொஸ்கோவுக்கு விமானத்தில் போய்க் காட்டுவழியாக ஐரோப்பாவுக்குள் நடப்பது என்று தம்பி சொல்கிறாராம். போலந்து தன் பெலாருஸ் எல்லையில் 186 கிலோமீற்றருக்கு ஐந்தரை மீற்றர் உயர இரும்பு வேலியை 2022இல் கட்டி முடித்தது. 2025 மார்ச்சில் அந்த எல்லையில் தஞ்சம் கோரும் உரிமையையே இடைநிறுத்தியது. பின்லாந்து, ரஷ்யாவோடுள்ள 1340 கிலோமீற்றர் எல்லையின் கடவைகளை 2023 கடைசியில் மூடிவிட்டது. பனிக்காட்டில் இரண்டு நாட்டுக் காவலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இரு பக்கமும் தள்ளுவார்கள். கடலைவிடத் தரை பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம்.

ஆனால் தம்பிக்கு இங்கே உயிர் அச்சுறுத்தல் ஏதாவது இருந்தால், அது வேறு விடயம். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தால் அவரையே என்னோடோ வேறொரு சட்டத்தரணியோடோ நேரில் பேசச் சொல்லுங்கள்.

நீங்கள் குற்றவாளியா?

தெரிந்திருப்பது மட்டும் உங்களைக் குற்றவாளி ஆக்காது. ஆனால் வாடியில் தங்கும் 22 பேருக்கு ஒரு பானை சோறு வைத்தால், பாய் கொடுத்தால், மணலில் நின்று டோர்ச் அடித்தால், அது உதவி. சோறு வைப்பதும் குற்றமா என்று கோபம் வரும். பசித்தவருக்குக் கொடுக்கும் சோறு குற்றமில்லை. ஒளித்து வைத்திருக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியாக வைக்கும் சோறுதான் கேள்விக்கு வரும். வாடி உங்கள் பெயரில் இருந்தால் இன்னும் கவனம்.

வாங்கிய காசு

உங்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்வது இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. சட்டவிரோத வேலைக்குப் பேசிய ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. ஏஜென்சிக்காரர் உங்கள்மேல் வழக்குப் போடமுடியாது. அவர் செய்யக்கூடியது மிரட்டுவது. அது தனிக் குற்றம்.

காசைத் திருப்பிக் கொடுப்பதா, என்ன செய்வதா என்பதை இப்போது நீங்களாக முடிவெடுக்காதீர்கள். முற்பணம் வாங்கியதை 'உடன்பட்டார்' என்று யாராவது பின்னால் சொல்லலாம். அதனால் கணவர் தனியாகப் பொலிஸுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம், ஏஜென்சிக்காரரோடு தனியாகப் போய்ப் பேசவும் வேண்டாம். முதலில் ஒரு சட்டத்தரணி. காசு கொடுத்து அமர்த்த வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள். சட்டத்தரணியோடு போய் முறைப்பாடு பதிவது, செய்ய இருந்த ஒரு வேலையிலிருந்து விலகியதற்கும் ஆதாரமாகும். ஒருநாள் பிந்தினாலும், அதே வார்த்தைகளைப் பிடிபட்ட பிறகு சொல்வதுபோல ஆகிவிடும்.

அடகு நகையைத் திருப்பவும் வைக்க வேண்டி வரும். தெரிகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வலைக்கு இழப்பீடோ கடனோ கேட்டுப் பார்த்தீர்களா? வலை போன அன்றே கடற்றொழில் திணைக்களத்திலும் பொலிஸிலும் முறைப்பாடு எழுதியிருந்தால் அந்தத் துண்டு இப்போது உதவும். எழுதாவிட்டால், பிந்தியாவது எழுதுங்கள்.

என் சொல்லையும் மீறிப் போய்ப் பிடிபட்டால்

இது நடக்கக்கூடாது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஏன் பிடிக்கிறோம் என்று சொல்லவேண்டும், அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உரிமை. பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று கணவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். வன்னியில் இதில் விழுந்தவர்கள் அநேகம். சாதாரண சட்டத்தின்கீழ் பொலிஸிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் மன்றில் சாட்சியாகாது. ஆனாலும் விளங்காத தாளில் வைத்த கையெழுத்து வேறு வழிகளில் தொந்தரவு தரும். அடித்தாலோ, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அடிப்படை உரிமை மனு போடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

மாமியாரிடம் நீங்கள் வாதாடிப் பயனில்லை. கணவரையும் தம்பியையும் ஒன்றாக இருத்தி, காலியில் அந்த ஐந்து பேருக்கு நடந்ததை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

சட்டத்தரணியிடம் போகும்போது படகுப் பதிவுப் பத்திரம், மீன்பிடி அனுமதிப் பத்திரம், அடகுத் துண்டு, காசு மாறிய திகதி எழுதிய தாள் எல்லாம் எடுத்துப் போங்கள். ஏஜென்சிக்காரர் வைபரில் அனுப்பிய குரல் செய்திகளைப் பயத்தில் கணவர் அழித்துவிடப் பார்ப்பார். அழிக்க விடாதீர்கள். கைபேசியை வாங்கி உங்களிடமே வைத்திருங்கள்.